பழைய ஊர்தி கொள்வார் ஆராய வேண்டுவன

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



தமிழாசிரியர் மேடையேறினால் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றியே பேசுவார் என்று உங்களிற் பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆயினும் நம் செயலாளர் அவர்கள் எம்மை நோக்கி, "ஐயா, நம்மவர் வீடுகளில் பழைய காரோ, பைக்கோ, சரக்கு வண்டியோ வாங்காத வீடு இப்போது அரிது. அதனால் வரும் வழக்கும் வம்பும் கடைசியில் சங்கத்து வாசலுக்கே வருகின்றன. அதுபற்றி நான்கு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். யாம் மெக்கானிக் அல்லோம், வக்கீலும் அல்லோம். எழுத்தைக் கூர்ந்து படித்தலே எம் தொழில். பழைய ஊர்தி வாங்குதலிற் பெரும்பகுதியும் எழுத்தைக் கூர்ந்து படித்தலேயாதலின், துணிந்து பேச ஒருப்பட்டோம்.

நம் முன்னோர் மாடு கொள்ளச் சந்தைக்குச் சென்ற காலத்தில் எத்துணை ஆராய்ச்சி செய்தனர்! பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிந்தனர், சுழி பார்த்தனர், நடக்கவிட்டுப் பார்த்தனர், ஏரிற் பூட்டியும் பார்த்தனர். அதன் பின்னரே தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார். நிலம் வாங்குங்காலோ, மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில், முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்று கேளாத பெரியவர் ஒரு வீட்டிலும் இலர். அத்தகைய வீட்டிற் பிறந்த இளைஞன், நான்கு இலட்சம் ரூபாய் பெறும் காரை ஞாயிற்றுக்கிழமை காலையிற் பார்த்து, நண்பகலிற் பணங்கொடுத்து, மாலைக்குள் வாசலில் நிறுத்திச் சக்கரத்தினடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிடுகின்றான். வில்லங்கம் என்னும் சொல் நிலத்துக்கே உரியது என்று அவன் கருதிவிட்டான் போலும்.

ஊர்திக்கும் வில்லங்கம் உண்டு. அதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றோம். ஊர்தி அசையும் பொருள். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, விற்போனும் கொள்வோனும் உடன்பட்டுப் பொருள் கைமாறிவிட்டால், அப்பொருள் கொண்டவனுடையதாகும். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், எவன் பெயரில் ஊர்தி பதிவாகியுள்ளதோ அவனையே உரிமையாளன் என்கின்றது. ஒரு சட்டத்தின் கண்ணில் வண்டி முருகனுடையது. மற்றொரு சட்டத்தின் கண்ணில் அது கந்தனுடையது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள பள்ளத்திலேதான் நம்மவர் பலர் விழுகின்றனர். கொண்டவரும் விழுகின்றனர், விற்றவரும் விழுகின்றனர்.

விற்றவர் எவ்வாறு விழுவார் என்பதற்கு, எமக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரது நிலையைக் கேளுங்கள். அவர் தம் பழைய ஸ்கூட்டரைத் தரகர் ஒருவரிடம் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தார். 29ஆம் படிவத்திலும் 30ஆம் படிவத்திலும், கொள்வோர் பெயர் எழுதவேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுக் கையொப்பம் இட்டுத் தந்தார். "ஆள் வந்தவுடன் பெயர் மாற்றிக்கொள்ளலாம், சார்" என்றார் தரகர். வண்டி மூன்று கை மாறியது. பெயர் மாறவில்லை, இன்ஷூரன்ஸும் புதுப்பிக்கப் பெறவில்லை. மூன்றாண்டு கழித்து அவ்வண்டி மோதிக் கூலித் தொழிலாளி ஒருவர் இறந்துபட்டார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீசு, ஓட்டியவனுக்கு மட்டுமன்றி நம் பெரியவருக்கும் வந்தது. அவ்வண்டியை அவர் கண்ணாற் கண்டே மூன்றாண்டாயிற்று. ஆயினும் பதிவேடு அவர் பெயரையே சொல்லிற்று. முடிவில், தந்தை வழி வந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கட்டினார். இறந்தவர் குடும்பமோ அத்தொகைக்காக நான்காண்டு காத்திருந்தது.

இஃது அநீதியன்றோ எனின், நீதிமன்றத்தின் கருத்து வேறு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றில் தீர்ப்பு வழங்கியது. அவ்வழக்கிலும் வண்டி பலர் கை மாறியிருந்தது, பதிவேட்டிற் பெயர் மட்டும் மாறவில்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் கூறியது. அடிபட்டவன் ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஓடிய வண்டியின் பின்னே தானும் ஓடி, இன்னார்தாம் உரிமையாளர் என்று தேடிக்கொண்டிருத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. எண்ணிப் பார்க்குங்கால் அதுவே நேர்மை என்று எமக்குத் தோன்றுகின்றது. பெயர் மாற்றாது விட்டவர் மேல் இரக்கம் கொள்ளலாம். ஆயின் காலிழந்தவன் மேல் அதனினும் மிகுந்த இரக்கம் வேண்டுமன்றோ?

ஆதலின் வெற்றுப் படிவத்திற் கையெழுத்து இடுதல், தொகை எழுதாத காசோலையிற் கையெழுத்து இடுதலை ஒக்கும். சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் பதிவதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும் என்றும், கொண்டவர் 30 நாளில் அறிவித்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. வேற்று மாநிலத்தார்க்கு விற்பின் விற்றவர்க்கு 45 நாள் உண்டு. கொண்டவர் போய் மாற்றிக்கொள்வார் என்று இருந்துவிடாது, இருவரும் சேர்ந்தே அக்காரியத்தை முடித்தல் நலம். வண்டியைக் கையளிக்கும் பொழுது, நாள் மட்டுமன்றி மணியும் நிமிடமும் குறித்து, இருவரும் ஒப்பமிட்ட கையளிப்புச் சீட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு விற்ற வண்டி, மாலை ஐந்து மணிக்குப் போக்குவரத்து விதியை மீறினாலும் அபராதச் சீட்டு பழைய பெயருக்கே வரும். அப்பொழுது அச்சீட்டு உதவும்.

இனிக் கொள்வோர் பக்கம் வருவோம்.

முதலிற் கேட்க வேண்டுவது பதிவுச் சான்றிதழ், மக்கள் ஆர்.சி. புத்தகம் என்று வழங்குவது. இன்று அது புத்தகமும் அன்று, அட்டையாகிவிட்டது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது, அவ்வாறே இருக்கட்டும். அதன் படியைக் கைப்பேசியிற் காட்டினால் ஏலாது. மூலத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். விற்பவர் பெயரும் அதிலுள்ள பெயரும் ஒன்றா? அன்றெனின் விற்பவர் யார்? மகனா, மைத்துனனா, தரகனா? எத்தனையாவது உரிமையாளர் என்னும் எண்ணும் அதில் உண்டு. "சிங்கிள் ஓனர் வண்டி" என்று வாயாற் சொல்லப்படுவதும் ஏட்டில் மூன்று என்று இருப்பதும் யாம் கண்டதே.

பின்னர், மத்திய அரசின் பரிவாஹன் இணையத்திலேனும் எம்-பரிவாஹன் செயலியிலேனும் வண்டி எண்ணை இட்டுப் பாருங்கள். எண் பதிவான நாள், எரிபொருள் வகை, தகுதிச் சான்று முடியும் நாள், இன்ஷூரன்ஸ் முடியும் நாள், கடன் உண்டா என்பன அங்குக் கிடைக்கும். உரிமையாளர் பெயர் முழுமையாகக் காட்டப்பெறுவதில்லை. இடையில் எழுத்துகள் மறைந்திருக்கும். ஆயினும் காணும் எழுத்துகளைக் கையிலுள்ள சான்றோடு ஒப்பிடலாம். தீர்க்கப்படாத அபராதச் சீட்டுகள் உளவா என்பதையும் அரசின் இ-சலான் தளத்திற் காணலாம். இவையெல்லாம் கால்மணி நேர வேலை. எம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் தன் தந்தைக்கு இதனைச் செய்து கொடுத்து, அவர் வாங்கவிருந்த பைக்கின் இன்ஷூரன்ஸ் இரண்டாண்டாக இல்லை என்று கண்டுபிடித்தான். அவனுக்கு இலக்கணத்தில் மதிப்பெண் குறைவு; அன்றைக்கு யாம் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

கடன் என்றோம். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன்பெற்று வாங்கிய வண்டியாயின், அந்நிறுவனத்தின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கும். அதுவே ஊர்தியின் வில்லங்கம். கடன் முழுதும் தீர்ந்துவிட்டது என்று விற்பவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் நிறுவனத்தார் தரும் என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்றும், 35ஆம் படிவமும் கொடுத்துப் பதிவேட்டிலிருந்து அப்பெயரை நீக்கினாலன்றி, உங்கள் பெயருக்கு வண்டி மாறாது. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு இதனை மறந்தவர் எண்ணிறந்தோர். நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் அச்சான்றைப் பெறுதல் பெரும்பாடு. ஆகவே அப்பெயர் நீங்கிய பின்னரே முழுப்பணமும் கொடுத்தல் முறை. அதுவரை முன்பணத்தோடு நிறுத்துக.

இப்பொழுது எமக்கு உவப்பான பகுதி. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் ஒரு பிரதியை மட்டும் நம்பாது, பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பர். ஊர்திக்கும் பிரதிகள் இரண்டு உண்டு: ஒன்று ஆர்.சி.யில் உள்ள எழுத்து. மற்றொன்று இரும்பில் வெட்டிய எழுத்து. சேசிஸ் எண் பதினேழு குறிகள் உடையது. எழுத்தும் இலக்கமும் விரவி வரும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ என்னும் மூன்றும் அதில் வருதல் இல்லை. ஒன்று, சுழி என்னும் இலக்கங்களோடு மயங்கும் என்பதனால் விலக்கினர். எழுத்து மயக்கம் தீர்க்க இலக்கணம் செய்தவர் நம் நாட்டார் மட்டும் அல்லர் என்று மகிழலாம். முதல் மூன்று குறிகள் செய்தவர் குடியைச் சொல்லும்: மாருதிக்கு எம்.ஏ.3, ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டாட்டாவுக்கு எம்.ஏ.டி., டி.வி.எஸ். ஊர்திக்கு எம்.டி.6 என்றாற் போல. டி.வி.எஸ். வண்டியில் வேறு குடியின் குறி இருப்பின் அதனை விட்டு எழுந்துவிடுங்கள்.

இரு சக்கர ஊர்தியில் இவ்வெண் பெரும்பாலும் கைப்பிடியின் கீழ், முன் கழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். காரில் முன் இருக்கையின் கீழாகவோ, எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டிலோ காணலாம். எஞ்சின் எண் வேறு; அதனையும் காண்க. அழுக்கைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழமாகவும் ஒரே இடைவெளியாகவும் உள்ளனவா? சுற்றிலும் இரும்பு அரத்தால் தேய்ந்துள்ளதா? அவ்விடத்தில் மட்டும் புதுச் சாயம் பூசியுள்ளதா? ஓர் எழுத்து மாறினும் அது பாடபேதம் அன்று; குற்றம். களவாடப்பட்ட வண்டியா என்று அறிய, தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் வாகன் சமன்வய் என்னும் வசதியில் எண்களை இட்டுப் பார்த்துச் சான்றும் பெறலாம். திருட்டு வண்டியை அறியாது வாங்கினவனுக்கும் வண்டி நில்லாது, போலீசார் கைப்பற்றிக்கொள்வர், கொடுத்த பணத்துக்கு அவன் அலைய வேண்டியதே.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தை, முடியும் நாளைப் பார்ப்பதற்கு மட்டும் என்று எண்ணற்க. வண்டியின் கடந்த காலம் அதனுள் ஒளிந்திருக்கின்றது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு நிறுவனத்தார் தள்ளுபடி தருவர்: முதலாண்டுக்குப் பின் நூற்றுக்கு 20, பின்னர் 25, 35, 45, ஐந்தாண்டு கோராதிருப்பின் 50. ஆறு வயதான காருக்குத் தள்ளுபடி ஒன்றும் இல்லையெனின், சென்ற ஆண்டில் ஏதோ நிகழ்ந்திருத்தல் கூடும். அல்லது பத்திரம் இடையில் அற்றுப்போயிருக்கலாம். யாதென்று கேளுங்கள். இத்தள்ளுபடி வண்டிக்கு உரியது அன்று, விற்பவர்க்கு உரியது. அது உங்களோடு வாராது. மற்றொன்று: பிறர்க்கு நேரும் தீங்குக்கான காப்பு வண்டியோடு கொண்டவர்க்குச் செல்லும், ஆனால் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பு, பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றினாலன்றி வாராது. 1996இலேயே உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிவிட்டது. பத்திரத்தை மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். வண்டி பெயர் மாறிற்று, பத்திரம் மாறவில்லை என்று இருந்து, மரத்தில் மோதிய காரைத் தம் செலவிற் செப்பனிட்டவர் இவ்வவையிலேயே இருக்கலாம். அவரை எழுந்து நிற்கும்படி கேளோம்.

வெள்ளம் கண்ட வண்டி என்னும் ஒரு வகை உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையிலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையிலும் பின்னர்த் திருநெல்வேலி தூத்துக்குடிப் பகுதிகளிலும் பெருமழை பெய்து ஆயிரக்கணக்கான ஊர்திகள் நீரில் மூழ்கின. அவற்றிற் பல ஏலத்தில் விலைபோய், கழுவித் துடைத்து, நறுமணம் பூசி, வேற்றூர்ச் சந்தைக்கு வருகின்றன. கண்டறியும் வழி எளிது. இருக்கைப் பட்டையை முழுதும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் நீர்க்கோடு தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி வண்டல் பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துருப் பாருங்கள். நறுமணம் மிகுதியாக வீசினால், எதனை மறைக்க என்று வினவுங்கள். அப்படியே கண்ணாடிகளின் மூலையிற் பொறித்த ஆண்டுக் குறியையும் பாருங்கள். ஐந்து கண்ணாடி ஓராண்டும் ஒன்று மட்டும் வேறாண்டும் ஆயின், அது மாற்றப்பட்டது. டயரில் 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது என்பது பொருள். கிலோமீட்டர்க் கருவியின் எண்ணை மட்டும் நம்புதல் பேதைமை. அதனைக் குறைத்து வைப்பார் உளர். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்க, கருவி முப்பதாயிரம் என்று சொல்லுமாயின், மிதியை நம்புக. கம்பெனிச் செப்பனிடு நிலையத்தார் அவ்வப்போது தந்த பில்கள் இருப்பின் அவற்றின் எண்களை வரிசையாகப் பார்த்தால் மெய் வெளிப்படும்.

வேற்று மாநில வண்டி மலிவாகக் கிடைக்கின்றது என்று ஓடுவோர்க்கு ஒரு சொல். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் ஊர்திக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் ஊர்திக்கும் 2015இற் பசுமைத் தீர்ப்பாயமும், 2018இல் உச்ச நீதிமன்றமும் தடை கூறின. 2025இல் அக்கடுமையை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. அத்தடையால் அங்கு விலை வீழ்ந்த வண்டிகள் தெற்கே வந்தன. அங்குள்ள அதிகாரியின் என்.ஓ.சி. மெய்யானதா என்று ஆராய்தல் வேண்டும். பன்னிரண்டு திங்களுக்கு மேல் இங்கு வைத்திருப்பின் புது எண் பெறுதல் வேண்டும். இம்மாநில வரியும் கட்டுதல் வேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்த்தபின்னும் மலிவாயின் வாங்குக. பதினைந்து ஆண்டு நெருங்கிய காருக்கும் இக்கணக்கு உண்டு: பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று, 20 ஆண்டு கடந்தவற்றிற்கு 2025இல் மேலும் உயர்ந்தது.

பிழைப்புக்காகச் சரக்கு வண்டி வாங்கும் இளைஞர்களே! மக்கள் குட்டியானை என்று அன்போடு அழைக்கும் சிறு வண்டியாயினும் சரி, தகுதிச் சான்றும், பர்மிட் வேண்டும் வண்டியாயின் அதுவும், வரிப் பாக்கியும் தனித்தனியே பார்க்க வேண்டுவன. எட்டாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும் என்பது விதி. கடன் வாங்கி வண்டி எடுத்து, முதல் மாதமே சான்றின்றி நின்றுபோனால் தவணை நில்லாது, வண்டிதான் நிற்கும்.

தரகர் எல்லாரும் தீயர் என்று யாம் சொல்லோம். 2023 ஏப்ரல் முதல், பழைய ஊர்தி விற்கும் வணிகர் அரசின் அங்கீகாரம் பெறவேண்டும் என்று விதி வந்துள்ளது. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்து, அதனை இணையவழி அதிகாரிக்கு அறிவித்துவிட்டால், அன்றுமுதல் அவ்வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவர். முன்னர்ச் சொன்ன பெரியவர் காலத்தில் இவ்வசதி இல்லை. இன்று விற்பவர் முதலிற் கேட்க வேண்டுவது, "உம்மிடம் அங்கீகாரச் சான்று உண்டா?" என்பதே.

இறுதியாகத் தாய்மார்களுக்கு. குடும்பத் தலைவர் காலமானபின், அவர் பெயரிலுள்ள பைக்கை யாரேனும் ஓட்டிக்கொண்டும், கேட்டவர்க்கு விற்றுக்கொண்டும் இருத்தல் நம் வீடுகளில் வழக்கமாய்விட்டது. இறந்தவர் கையொப்பத்தைப் பிறர் இடுதல் பெருங்குற்றம். அதனை ஒருவரும் செய்யற்க. இறப்பை 30 நாளுக்குள் பதிவதிகாரிக்கு அறிவித்தால், வாரிசு மூன்று திங்கள் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் 31ஆம் படிவத்தில் இறப்புச் சான்றோடு விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். அதன்பின் விற்பின் விற்கலாம். 2021 முதல், உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே இன்னார்க்குச் சேர்க என்று ஒருவர் பெயரைப் பதிவேட்டிற் குறித்து வைக்கவும் இடமுண்டு. இன்று இல்லம் சென்றவுடன் உங்கள் வீட்டு ஆர்.சி.யை எடுத்து, எவர் பெயர் அதில் உள்ளது என்று ஒருமுறை பாருங்கள். ஐயமுள்ளோர் சான்றுகளைக் கூட்டம் கலைந்தபின் இங்குக் கொணர்ந்தால், எமக்குத் தெரிந்த அளவில் உடனிருந்து படித்துத் தருவோம்.